அம்மா கைக்குப் போகும் போன்: ஆண்ட்ராய்டும் ஐபோனும் எத்தனை வருஷத்துக்குக் காவல்?

வண்ணார்பேட்டையிலோ பாளையங்கோட்டையிலோ வள்ளியூரிலோ ஒரு மொபைல் கடைக்குள் போனால், அங்கே கேட்கப்படும் கேள்விகள் எல்லாருக்கும் தெரிந்தவைதான். கேமரா எத்தனை மெகாபிக்சல், ரேம் எவ்வளவு, பேட்டரி ஒரு நாள் நிற்குமா, இஎம்ஐ உண்டா. கொஞ்சம் விவரமானவர்கள் ஆண்ட்ராய்டு நல்லதா ஐபோன் நல்லதா என்று வாதாடுவார்கள். "அண்ணாச்சி, இந்த மாடலுக்குப் பாதுகாப்பு அப்டேட் எந்த வருஷம் வரைக்கும் வரும்?" என்று கேட்பவர்கள் அபூர்வம். கேட்டாலும், "வரும்லா, எல்லாத்துக்கும் வரும்" என்றுதான் பதில் கிடைக்கும். எல்லாவற்றுக்கும் வராது. வருகிறவற்றிலும் ஒன்றுக்கு இரண்டு வருஷம், இன்னொன்றுக்கு ஏழு வருஷம்.

திருநெல்வேலிச் சீமையில் இந்தக் கேள்விக்கு மற்ற எல்லாவற்றையும் விட எடை அதிகம் என்று நினைக்கிறேன். காரணம், நம் வீடுகளில் போன் ஒருவரோடு நின்றுவிடுவதில்லை. சென்னையிலோ துபாயிலோ வேலை பார்க்கும் பையன் புதுப் போன் வாங்கியதும் பழையது தங்கைக்கு வருகிறது. தங்கைக்கு வேலை கிடைத்ததும் அது அம்மாவிடம் போகிறது. அங்கிருந்து ஆச்சிக்கு. முக்கூடலிலும் மேலப்பாளையத்திலும் பீடி சுற்றுகிற பெண்கள், சேரன்மகாதேவிப் பக்கம் வயல் வேலைக்குப் போகிறவர்கள், உவரிக் கடற்கரையில் மீன் விற்கிறவர்கள், இவர்களில் பலர் கையில் இருப்பது இப்படிக் கைமாறி வந்த போன். மகளிர் உரிமைத் தொகை வரவானதற்கான குறுஞ்செய்தி, முதியோர் உதவித்தொகை, குழுக் கடன் தவணை, கேஸ் மானியம் எல்லாம் அந்த எண்ணுக்குத்தான் வருகின்றன. வீட்டிலேயே பழைய போன், சந்தேகம் வந்தால் கேட்க ஆள் பக்கத்தில் இல்லாத ஒருவரிடம் போய்ச் சேருகிறது. பெரும்பாலும் அது அவர் கைக்கு வரும் நேரத்தில்தான் நிறுவனம் அதற்கு அப்டேட் அனுப்புவதை நிறுத்தியிருக்கும்.

ஆகவே நம்பகம், பாதுகாப்பு, அப்டேட் என்ற மூன்றையும் இங்கே ஒப்பிடும்போது அப்டேட்டுக்கே அதிக இடம் கொடுக்கிறேன். மற்ற இரண்டும் அதன்மேல்தான் நிற்கின்றன.

முதலில் அப்டேட் என்பது எதற்கு என்று பார்ப்போம். போனை இயக்கும் மென்பொருள் பல கோடி வரிகளில் எழுதப்பட்டது. பிழை இல்லாமல் இருக்காது. அந்தப் பிழைகளை ஆய்வாளர்களும் தேடுகிறார்கள், திருடர்களும் தேடுகிறார்கள். ஆய்வாளர் கண்ணில் முதலில் பட்டால் அவர் நிறுவனத்துக்குச் சொல்கிறார், நிறுவனம் ஓட்டையை அடைத்து அப்டேட்டாக அனுப்புகிறது. அப்படி அனுப்பிய நாளிலேயே அந்த ஓட்டை எங்கே இருந்தது என்பதும் ஊருக்குத் தெரிந்துவிடுகிறது. அப்டேட் வந்த போன் தப்பித்தது. வராத போனுக்கு ஆபத்து அன்றிலிருந்துதான் கூடுகிறது. "பழைய போன்தானே, நேத்து வரைக்கும் நல்லாத்தானே இருந்துச்சு" என்று சொல்ல முடியாதது இதனால்தான். போனில் எதுவும் மாறியிருக்காது, ஆனால் அதை உடைக்கும் வழி வெளியே தெரிந்திருக்கும்.

ஆப்பிளுக்கு இந்த வேலை சுலபம். சிப்பை வடிவமைப்பது, ஐபோனை இயக்கும் ஐஓஎஸ் என்ற மென்பொருளை எழுதுவது, போனை விற்பது எல்லாம் ஒரே நிறுவனம். அப்டேட் வெளியானால் களக்காட்டில் இருக்கும் ஐபோனுக்கும் அமெரிக்காவில் இருக்கும் ஐபோனுக்கும் ஒரே நாளில் கிடைக்கிறது.

ஆண்ட்ராய்டில் அப்படி இல்லை. கூகுள் ஓட்டையை அடைக்கிறது. அதைக் குவால்காம், மீடியாடெக், யுனிசாக் போன்ற சிப் நிறுவனங்கள் தங்கள் பகுதியோடு பொருத்த வேண்டும். அப்புறம் சாம்சங், சியோமி, விவோ, ஓப்போ போன்றவர்கள் அதை வாங்கி, தாங்கள் செய்துவைத்த மாற்றங்களோடு இணைத்து, மாடல் மாடலாகச் சோதித்து அனுப்ப வேண்டும். பாபநாசத்தில் அணையைத் திறந்தாலும் கடைமடைக்குத் தண்ணீர் வந்து சேர்வது நடுவில் உள்ள மடைகளைப் பொறுத்தது. விலை குறைந்த போன்கள் இந்த வரிசையில் கடைமடை. சிப் நிறுவனம் பழைய சிப்பைக் கைவிட்டால், போன் நிறுவனம் விரும்பினாலும் முழுதாகச் சரிசெய்ய முடியாது.

கூகுளுக்கு இந்தக் குறை தெரியாமல் இல்லை. 2014 செப்டம்பரில் ஆண்ட்ராய்டு ஒன் என்ற திட்டத்தை முதலில் இந்தியாவில்தான் தொடங்கினார்கள். மைக்ரோமேக்ஸ், கார்பன், ஸ்பைஸ் நிறுவனங்களின் விலை குறைந்த போன்களுக்கு கூகுளே அப்டேட்டைப் பார்த்துக்கொள்ளும் என்பது யோசனை. நல்ல யோசனை, ஆனால் நிலைக்கவில்லை. 2015 ஜூலையில் ஸ்டேஜ்ஃபிரைட் என்ற ஓட்டை வெளியே வந்தது. ஒரு எம்எம்எஸ் செய்தியை அனுப்பியே போனுக்குள் நுழையலாம் என்ற நிலை. அதற்கு அடுத்த மாதத்திலிருந்துதான் கூகுள் மாதந்தோறும் பாதுகாப்பு அறிக்கை வெளியிடும் வழக்கத்தைத் தொடங்கியது. 2017-ல் ஆண்ட்ராய்டு 8 வந்தபோது, பிராஜெக்ட் டிரெபிள் என்ற பெயரில் சிப் நிறுவனத்தின் பகுதியையும் ஆண்ட்ராய்டின் பொதுப் பகுதியையும் தனித்தனியாகப் பிரித்தார்கள். ஒன்றைத் தொடாமல் மற்றதைப் புதுப்பிக்க வழி பிறந்தது. 2019-ல் ஆண்ட்ராய்டு 10-உடன் வந்த பிராஜெக்ட் மெயின்லைன், இயங்குதளத்தின் சில முக்கியமான பாகங்களை போன் நிறுவனத்துக்காகக் காத்திராமல் பிளே ஸ்டோர் வழியாகவே புதுப்பிக்க வைத்தது.

இந்த இடத்தில் ஆண்ட்ராய்டுக்கு உள்ள ஒரு நல்ல குணத்தையும் சொல்லியாக வேண்டும். ஐபோனில் சஃபாரி பிரவுசர் ஐஓஎஸ்ஸோடு கட்டப்பட்டது. ஐஓஎஸ் அப்டேட் நின்றால் பிரவுசரும் நின்றது. ஆண்ட்ராய்டில் குரோம் தனி ஆப். போன் நிறுவனம் கைவிட்ட பிறகும் அது பல வருஷம் புதுப்பித்துக்கொண்டே இருக்கும். பழைய ஆண்ட்ராய்டு போன் ஒரே நாளில் நிராயுதபாணி ஆகிவிடுவதில்லை. ஆனாலும் கர்னல் (இயங்குதளத்தின் மையப் பகுதி), மோடம் (டவரோடு பேசும் பகுதி), சிப்பின் இயக்கிகள் போன்ற அடித்தளத்தில் உள்ள ஓட்டைகளை பிளே ஸ்டோரால் அடைக்க முடியாது. 2023 மார்ச்சில் சாம்சங்கின் எக்ஸினாஸ் மோடங்களில் கூகுளின் புராஜெக்ட் ஸீரோ குழு 18 ஓட்டைகளைக் கண்டுபிடித்ததாக அறிவித்தது. அவற்றில் சிலவற்றுக்கு, போன் நம்பர் தெரிந்தாலே போதும், போனை வைத்திருப்பவர் எதையும் தொட வேண்டியதில்லை. திருத்தம் வரும்வரை வைஃபை காலிங்கையும் வோல்ட்டியையும் (4ஜி வழியாகப் பேசும் வசதி) அணைத்து வையுங்கள் என்றுதான் அப்போது சொல்ல முடிந்தது. இப்படிப்பட்டதற்கு போன் நிறுவனம் அனுப்பும் முழு அப்டேட் தவிர வேறு மருந்து கிடையாது.

சரி, யார் எவ்வளவு காலம் அனுப்புகிறார்கள்?

ஆப்பிள் செய்துகாட்டிய கணக்கு நன்றாகவே இருக்கிறது. 2013-ல் வந்த ஐபோன் 5எஸ்ஸுக்கு 2023 ஜனவரியில்கூட ஒரு பாதுகாப்பு அப்டேட் வந்தது. 2015-ல் வந்த 6எஸ்ஸுக்கு ஐஓஎஸ் 9 முதல் 15 வரை ஏழு பெரிய பதிப்புகள் கிடைத்தன, அதன் பிறகும் அவசரத் திருத்தங்கள் வந்துகொண்டிருந்தன. 2018-ல் வந்த எக்ஸ்ஆர், எக்ஸ்எஸ் மாடல்களுக்கு 2025-ல் வந்த ஐஓஎஸ் 26 கிடைக்கவில்லை, ஆனால் ஐஓஎஸ் 18-க்கான பாதுகாப்புத் திருத்தங்கள் அதன் பிறகும் வந்தன. ஒரு குறை: ஆப்பிள் இத்தனை ஆண்டு என்று முன்கூட்டியே எழுதித் தரும் வழக்கம் இல்லை. 2024-ல் பிரிட்டன் சட்டம் கட்டாயப்படுத்தியபோது, ஐபோன் 15 புரோ மேக்ஸுக்குக் குறைந்தது ஐந்து ஆண்டு என்று எழுதிக் கொடுத்தது. செய்கிறதைவிடக் குறைவாகத்தான் சொன்னது. பழைய மாடல்களுக்கு எல்லாத் திருத்தங்களும் போகும் என்றும் எடுத்துக்கொள்ள முடியாது. புதிய ஐஓஎஸ்ஸுக்கு வருகிற திருத்தங்களில் முக்கியமானவை மட்டுமே பழையவற்றுக்கு வருகின்றன.

ஆண்ட்ராய்டில் 2016-ல் வந்த முதல் பிக்சலுக்கு, கூகுளின் சொந்த போனுக்கே, 2019 டிசம்பரோடு அப்டேட் நின்றது. அப்போது அதுதான் நல்ல கணக்கு. அங்கிருந்து பார்த்தால் இப்போது நடந்திருப்பது பெரிய மாற்றம். 2023 அக்டோபரில் பிக்சல் 8-க்கு ஏழு ஆண்டு என்று கூகுள் உறுதி கொடுத்தது. 2024 ஜனவரியில் சாம்சங் எஸ்24 வரிசைக்கு அதே ஏழு. நம் கடைகளில் விற்கும் போன்களை வைத்துப் பார்த்தால், இதைவிடப் பெரிய செய்தி 2024 அக்டோபரில் இருபதாயிரத்துக்குள் வந்த சாம்சங் ஏ16 5ஜி. அதற்கு ஆறு பெரிய பதிப்புகள், ஆறு ஆண்டு பாதுகாப்பு அப்டேட். ஐபோன் வாங்க முடியாதவர் பாதுகாப்பில்லாமல் இருந்துதான் ஆக வேண்டும் என்ற நிலை அதோடு உடைந்தது என்று சொல்வேன்.

ஐரோப்பிய ஒன்றியமும் ஒரு நல்ல காரியம் செய்திருக்கிறது. 2025 ஜூன் 20 முதல் அங்கே விற்பனைக்கு வரும் போன்களுக்கு, அந்த மாடல் விற்பனை நின்ற நாளிலிருந்து குறைந்தது ஐந்து ஆண்டு அப்டேட் தர வேண்டும். இதில் கவனிக்க வேண்டியது "விற்பனை நின்ற நாளிலிருந்து" என்பது. நம் ஊரில் நிறுவனங்கள் தரும் உறுதி பொதுவாக மாடல் அறிமுகமான நாளிலிருந்து எண்ணப்படுகிறது. நான்கு ஆண்டு என்று சொன்ன போனை, அறிமுகமாகி ஒன்றரை வருஷம் கழித்துத் தீபாவளித் தள்ளுபடியில் வாங்கினால் நமக்குக் கிடைப்பது இரண்டரை ஆண்டுதான். விலை குறைந்ததில் ஒரு பங்கு, காலம் குறைந்ததற்கானது. அதைக் கடையில் யாரும் சொல்வதில்லை.

பத்தாயிரத்துக்குக் கீழே உள்ள பல போன்களில் ஆண்ட்ராய்டின் பெரிய பதிப்பு ஒன்றோ இரண்டோதான் வரும். பாதுகாப்புத் திருத்தம் மாதாமாதம் வராது, மூன்று மாதத்துக்கு ஒருமுறை வந்தாலே நல்லது. சில மாடல்களுக்கு நிறுவனம் எதையுமே எழுத்தில் தருவதில்லை. எழுதாத உறுதியை நான் உறுதியாக எண்ணமாட்டேன். வாங்கும் முன்பு நிறுவனத்தின் வலைத்தளத்தில் அந்த மாடலின் பெயரைப் போட்டு, எந்த ஆண்டு எந்த மாதம் வரை என்று பார்த்துவிட வேண்டும். ஏற்கெனவே கையில் இருக்கும் போனில் செட்டிங்ஸுக்குள் போய் 'அபவுட் போன்' பகுதியில் ஆண்ட்ராய்டு பதிப்பைத் தொட்டால், 'செக்யூரிட்டி அப்டேட்' என்று ஒரு தேதி இருக்கும். அது ஒரு வருஷத்துக்கு மேல் பழையது என்றால், நிறுவனம் அந்த போனை மறந்துவிட்டது என்று எடுத்துக்கொள்ளலாம்.

வாட்ஸாப் ஓடுகிறதே, ஜிபே ஓடுகிறதே என்பது சமாதானம் ஆகாது. 2025 மே மாதம் வாட்ஸாப் ஐஓஎஸ் 15.1-க்குக் கீழே உள்ள ஐபோன்களைக் கைவிட்டது. அதே சமயத்தில் ஆண்ட்ராய்டில் 2014-ல் வந்த 5.0 பதிப்பை அது ஏற்றுக்கொண்டிருந்தது. பத்து வருஷமாக ஓட்டை அடைக்கப்படாத போனிலும் வாட்ஸாப் ஓடியது என்று இதற்கு அர்த்தம்.

இனி பாதுகாப்புக்கு வருவோம். இதைப் பற்றிப் பேசும்போது இரண்டு வேறு எதிரிகளை ஒன்றாகப் போட்டுக் குழப்பிவிடுகிறோம்.

முதல் எதிரி, அரசாங்கங்கள் விலை கொடுத்து வாங்கும் உளவு மென்பொருள். இஸ்ரேலின் என்எஸ்ஓ நிறுவனம் விற்ற பெகாசஸ் 2019-ல் வாட்ஸாப் அழைப்பில் இருந்த ஓட்டை வழியாக சுமார் 1,400 பேரின் போன்களைக் குறிவைத்தது. அவர்களில் இந்தியப் பத்திரிகையாளர்களும் செயற்பாட்டாளர்களும் இருந்தார்கள். 2021 செப்டம்பரில் ஆப்பிளின் செய்தி வசதியான ஐமெசேஜ் வழியாக, எதையும் தொடாமலே ஐபோனுக்குள் நுழைந்த ஓட்டையை ஐஓஎஸ் 14.8 அடைத்தது. ஐபோனை உடைக்கவே முடியாது என்பது கடை வாசலில் சொல்லும் பேச்சு. இப்படிப்பட்ட ஓட்டைகளை வாங்கி விற்ற ஸீரோடியம் என்ற நிறுவனம் 2019 செப்டம்பரில் போட்ட விலைப்பட்டியலில், எதையும் தொடாமல் ஆண்ட்ராய்டை முழுதாக உடைக்கும் வழிக்கு 25 லட்சம் டாலர், ஐபோனுக்கு 20 லட்சம் டாலர். அன்றைய சந்தையில் ஆண்ட்ராய்டை உடைப்பதற்குத்தான் விலை அதிகம், அதாவது அப்படி ஒரு வழி கிடைப்பது அரிது. மேல்மட்ட போன்களில் இரண்டு தளங்களும் கிட்டத்தட்ட சமம் என்றே நான் எடுத்துக்கொள்கிறேன். குறிவைக்கப்படக்கூடிய வேலையில் இருப்பவர்களுக்கு, 2022-ல் ஐஓஎஸ் 16-உடன் வந்த லாக்டவுன் மோட் (சில வசதிகளை அணைத்து, உள்ளே நுழையும் வழிகளைக் குறைக்கும் ஏற்பாடு) ஐபோன் பக்கம் சாய ஒரு நல்ல காரணம். வழக்கறிஞர்கள், செய்தியாளர்கள், கூடங்குளம் போன்ற போராட்டங்களில் முன்னால் நின்றவர்கள் எல்லாரும் அதைத் தெரிந்து வைத்திருக்க வேண்டும்.

இரண்டாவது எதிரிதான் நம் வீட்டு வாசலில் நிற்பவன். அவனுக்கு இலட்சக்கணக்கான டாலர் தேவையில்லை. வாட்ஸாப்பில் ஒரு கோப்பு வருகிறது. பெயர் கல்யாணப் பத்திரிகை, அல்லது பிஎம் கிசான், அல்லது போக்குவரத்து அபராதம், அல்லது வங்கியின் கேஒய்சி. கடைசியில் ஏபிகே என்று முடியும், அதாவது அது ஆண்ட்ராய்டு ஆப்பை நிறுவும் கோப்பு. பெரும்பாலும் தெரிந்தவர் எண்ணிலிருந்துதான் வரும், ஏனென்றால் அவர் போன் ஏற்கெனவே மாட்டிக்கொண்டிருக்கும். மாசி, பங்குனி, வைகாசியில் தினம் ஒரு பத்திரிகை வருகிற ஊர்களில் அதைத் தொட்டுப் பார்க்காமல் இருப்பது எப்படி? தொட்டால், வெளியிலிருந்து ஆப் நிறுவ அனுமதி கேட்கும். கொடுத்தால் குறுஞ்செய்திகளைப் படிக்க அனுமதி. அதன் பிறகு 'அக்சசிபிலிட்டி' என்ற வசதி. கண் தெரியாதவர்களும் கை அசைக்க முடியாதவர்களும் போனைப் பயன்படுத்துவதற்காக வைத்த நல்ல வசதி அது. அதைக் கையில் எடுத்துக்கொண்டால் திரையில் இருப்பதைப் படிக்கலாம், பொத்தான்களை அழுத்தலாம். ஓடிபி வருகிறது, ஆப் அதைப் படித்து அனுப்பிவிடுகிறது, பணம் போகிறது. வங்கி ஆப்களைக் குறிவைத்த சோவா என்ற ஆண்ட்ராய்டு வைரஸ் பற்றி 2022 செப்டம்பரிலேயே மத்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் எச்சரித்தது.

இந்த எதிரியிடம் ஐபோன் தெளிவாக முன்னால் நிற்கிறது. இந்தியாவில் விற்கும் ஐபோனில் வாட்ஸாப்பில் வந்த கோப்பைத் தொட்டு ஆப் நிறுவ வழியே இல்லை. வேறொரு ஆப் குறுஞ்செய்திகளை எடுத்துப் படிக்கவும் ஐஓஎஸ் விடாது. ஐரோப்பாவில் சட்டத்தின் காரணமாக 2024 மார்ச்சில் வேறு ஆப் கடைகளுக்குக் கதவு திறந்தார்கள், இங்கே இல்லை. அந்த மூடிய கதவுக்கு ஒரு விலை உண்டு. எந்த ஆப் இருக்கலாம் எது கூடாது என்று ஒரே நிறுவனம் தீர்மானிக்கிறது. சுதந்திர மென்பொருளை நேசிக்கிறவர்களுக்கு அது பெரிய இழப்பு, அந்த வருத்தம் எனக்கும் உண்டு. ஆனால் அம்மாவின் கணக்கில் இருக்கும் உரிமைத் தொகையைப் பற்றிப் பேசும்போது, அந்தக் கதவு மூடியிருப்பதை நான் நன்மை என்றே சொல்வேன்.

ஆண்ட்ராய்டும் சும்மா இல்லை. 2022-ல் வந்த ஆண்ட்ராய்டு 13, வெளியிலிருந்து நிறுவிய ஆப்களுக்கு அக்சசிபிலிட்டி அனுமதி எளிதில் கிடைக்காதபடி தடுத்தது. 2024 அக்டோபரில் கூகுள், இணையத்திலிருந்தோ வாட்ஸாப்பிலிருந்தோ இறக்கும் ஆப் இப்படிப்பட்ட அனுமதிகளைக் கேட்டால் நிறுவவே விடாத ஓர் ஏற்பாட்டை, ஆண்ட்ராய்டில் ஆப்களைச் சோதிக்கும் பிளே புரொடெக்ட் வசதியில், இந்தியாவில் சோதனையாக அறிவித்தது. கவனியுங்கள், ஆண்ட்ராய்டு 13-இன் தடுப்பு 13 உள்ள போனில்தான் இருக்கும். கைமாறி வந்த ஆண்ட்ராய்டு 10, 11 போன்களில் அது இல்லை. பெரிய பதிப்பு அப்டேட் என்பது புது ஐகான், புது வால்பேப்பர் என்று நினைத்துத் தள்ளிவிடுகிறோம். இந்த மாதிரிப் பூட்டுகளும் அதற்குள்தான் வருகின்றன.

எந்த போனும் காப்பாற்ற முடியாத மோசடிகளும் உண்டு. போலீஸ் என்று வீடியோ காலில் மிரட்டி, "டிஜிட்டல் கைது" என்று சொல்லிப் பணம் பறிப்பவனுக்கு நீங்கள் ஐபோன் வைத்திருந்தால் என்ன, பட்டன் போன் வைத்திருந்தால் என்ன? யுபிஐயில் பின் போட்டுப் பணம் அனுப்புவது நம் கைதான். பணம் போய்விட்டால் உடனே 1930-க்கு அழைக்க வேண்டும், எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. இந்த எண்ணைப் பாட்டியின் போனில் இப்போதே சேமித்து வைத்துவிடலாம்.

நம்பகம் என்று வரும்போது தளத்தைவிட நம் வெயில்தான் முதலில் நினைவுக்கு வருகிறது. ஆப்பிள், சாம்சங் இரண்டும் போனை 0 முதல் 35 டிகிரி வரையிலான சூழலில் பயன்படுத்தச் சொல்கின்றன. பாளையங்கோட்டையில் சித்திரை, வைகாசியில் 38-ஐத் தாண்டுவது வழக்கமான செய்தி. பைக்கின் முன்னால் மாட்டி வழிகாட்டியாக ஓடும் போன், வெயிலில் நிறுத்திய காரின் டேஷ்போர்டில் கிடக்கும் போன் இவற்றின் பேட்டரி சீக்கிரம் சாகும். ஐபோன் சூடானால் திரையை மங்கலாக்கி, சார்ஜ் ஏறுவதை நிறுத்தி, முடிவில் எச்சரிக்கை காட்டி நின்றுவிடும். ஆண்ட்ராய்டு போன்களும் வேகத்தைக் குறைத்துக்கொள்கின்றன, எவ்வளவு என்பது மாடலுக்கு மாடல் வேறு. பேட்டரியைப் பொறுத்தவரை ஐபோன் 15 வரிசை ஆயிரம் முறை சார்ஜ் ஏறி இறங்கிய பிறகும் 80 சதவீதம் தாங்கும் என்று ஆப்பிள் சொல்கிறது, அதற்கு முந்தையவற்றுக்கு 500 முறை என்று இருந்தது. ஏழு வருஷ அப்டேட் உள்ள போனுக்கு நடுவில் ஒரு பேட்டரி மாற்றும் செலவு நிச்சயம். அதை வாங்கும்போதே கணக்கில் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தாமிரபரணி கரை மீறியபோது நெல்லையும் தூத்துக்குடியும் பட்ட பாடு நமக்கு மறக்காது. மின்சாரம் போனது, பல இடங்களில் டவர்களும் நின்றன. அந்த நேரத்தில் எந்தத் தளம் என்பதற்கு அர்த்தமே இல்லை. சார்ஜ் மிச்சம் இருந்ததா, டவர் இருந்ததா என்ற இரண்டு கேள்விதான். ஐபோன் 14 முதல் வந்திருக்கும் செயற்கைக்கோள் வழி அவசர அழைப்பு இந்தியாவில் கிடைக்காததால், அதை நினைத்து யாரும் கூடுதல் பணம் கொடுக்க வேண்டாம். தண்ணீர் புகாது என்ற ஐபி68 சான்றும் வெள்ளத்துக்கான உத்தரவாதம் இல்லை. ஆப்பிளின் சாதாரண வாரண்டியில் தண்ணீரால் வந்த சேதம் சேராது.

அப்டேட்டே போனைக் கெடுக்குமா என்ற பயம் பலருக்கு உண்டு. ஆதாரமில்லாத பயம் இல்லை அது. 2014 செப்டம்பரில் ஐஓஎஸ் 8.0.1 வந்ததும் புது ஐபோன் 6-களில் சிக்னலே போய்விட்டது, ஆப்பிள் சில மணி நேரத்தில் அதைத் திரும்பப் பெற்றது. பழைய பேட்டரி உள்ள ஐபோன்களின் வேகத்தை ஓர் அப்டேட் வழியாகச் சொல்லாமல் குறைத்ததை 2017 டிசம்பரில் ஆப்பிள் ஒப்புக்கொண்டது, பிரான்ஸில் 2020-ல் 2.5 கோடி யூரோ அபராதம் கட்டியது. 2021 தொடக்கத்தில் ஆண்ட்ராய்டு 11 அப்டேட் போட்ட சியோமி எம்ஐ ஏ3 போன்கள் பல செத்தே போயின. அப்டேட்டுக்குப் பின் திரையில் பச்சைக் கோடு விழுந்தது என்ற புகார் இந்தியாவில் பல பிராண்டுகளுக்கு வந்தது. ஆனால் இந்தப் பயத்துக்கான பதில் அப்டேட் போடாமல் இருப்பது ஆகாது. பெரிய பதிப்பு என்றால் இரண்டு மூன்று வாரம் பொறுத்துப் போடலாம். பாதுகாப்புத் திருத்தத்தைத் தள்ளிப்போட வேண்டாம். போடும் முன்பு படங்களை நகல் எடுத்து வைத்து, சார்ஜ் நிறைய வைத்துக்கொள்வது நல்லது. ஆண்ட்ராய்டு 7-லிருந்து வந்த ஒரு ஏற்பாட்டில், புதுப் பதிப்பைத் தனி இடத்தில் நிறுவி, அது எழுந்திருக்காவிட்டால் பழையதற்குத் திரும்பிவிடும். எல்லா நிறுவனங்களும் அதை உடனே ஏற்கவில்லை, சாம்சங் 2024-ல்தான் சில மாடல்களில் கொண்டுவந்தது.

மூன்றாவது தளம் ஒன்று இருந்திருந்தால் நல்லது என்று ஆசைப்படுகிறவன் நான். பிளாக்பெரியின் பழைய போன்களுக்கான சேவை 2022 ஜனவரி 4-ல் நின்றது, விண்டோஸ் போனுக்கு வாட்ஸாப் 2019 முடிவோடு நின்றது. நம் தேவைக்கு மீதி இரண்டுதான்.

பணத்தை வைத்துப் பார்க்கலாம். உதாரணத்துக்கு, பத்தாயிரம் ரூபாய் போனுக்கு இரண்டு ஆண்டு அப்டேட்தான் மிச்சம் என்றால் ஆண்டுக்கு ஐயாயிரம். பத்தொன்பதாயிரத்துக்கு வாங்கி ஆறு ஆண்டு கிடைத்தால் ஆண்டுக்கு மூவாயிரத்துச் சொச்சம். எழுபதாயிரம் கொடுத்த ஐபோன் ஏழு ஆண்டு ஓடினால் ஆண்டுக்குப் பத்தாயிரம், ஆனால் விற்கும்போது நல்ல விலை திரும்பி வரும். முதலில் சொன்ன போன்தான் கடையில் மலிவு, வீட்டில் அது மலிவில்லை. கையில் பணம் இறுக்கமாக இருக்கும் குடும்பத்துக்கு இருபதாயிரத்துக்குள் ஆறு ஆண்டு உறுதி உள்ள ஆண்ட்ராய்டுதான் என் தேர்வு. வளைகுடாவிலிருந்து அண்ணன் கொண்டுவரும் பழைய ஐபோனும் நல்லதே. வாங்குமுன் முன்பு வைத்திருந்தவரின் ஆப்பிள் கணக்கிலிருந்து முழுதாக விடுவித்திருக்கிறார்களா, செட்டிங்ஸில் பாகங்கள் மாற்றிய விவரம் என்ன காட்டுகிறது, இன்னும் எந்த ஐஓஎஸ் வரை ஏறும் என்று பார்த்துவிட வேண்டும். எக்ஸ்ஆர் மாடலை இன்றைக்கு "ஐபோன்லா" என்ற ஒரே காரணத்துக்காக வாங்குவது சரியல்ல.

அடுத்து, உங்கள் பழைய போனை அம்மாவிடம் கொடுக்கும் நாள். முதலில் உங்கள் கணக்குகளை எடுத்துவிட்டு ஃபேக்டரி ரீசெட் செய்து, உள்ளே இருப்பதை எல்லாம் அழித்துவிடுங்கள். 'செக்யூரிட்டி அப்டேட்' தேதியைப் பாருங்கள். இன்னும் வந்துகொண்டிருந்தால் தானாக அப்டேட் ஆகும்படி வையுங்கள், பிளே புரொடெக்ட் ஓடுகிறதா என்று பாருங்கள், வாட்ஸாப்புக்கு வெளியிலிருந்து ஆப் நிறுவும் அனுமதி இருந்தால் எடுத்துவிடுங்கள். தேதி நின்றுபோயிருந்தால் அந்த போன் பாட்டுக் கேட்கவும் பேரன் முகம் பார்க்கவும் போதும். வங்கியோடு இணைந்த சிம்மை மட்டும் அதில் போடாதீர்கள். அதை ஒரு சாதாரண பட்டன் போனில் போட்டுக் கொடுங்கள். ஓடிபி அங்கே வரட்டும்.